பிளேட்லெட் குறைவு, ஆனால் டெங்கு இல்லை: பேச்சு வந்து வந்து போன ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் காய்ச்சல் என்று வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "பிளேட்லெட் எத்தனைங்க?" என்பதுதான். டெங்கு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் வீட்டிலேயே தயாராக இருக்கும். எண்ணிக்கை குறைந்திருந்தால் அது டெங்குதான் என்று வீட்டாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள், பல நேரம் டாக்டர்களும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத ஒரு தடவை என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயின் பெயர் த்ராம்போடிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்புரா, சுருக்கமாக டி.டி.பி. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கு வரும் ரத்த நோய். ஆனால் இந்தப் பெண்ணை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது ரத்தம் அல்ல, மூளை. நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். நோயாளியும் அவர் கணவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

36 வயதுப் பெண். பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையில் ஒரு கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வரும் பீஸ்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்கி, நல்லதை எண்ணிக் கட்டுவது. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சர்க்கரை, பிரஷர் இல்லை. தைராய்டு குறைவுக்கு மட்டும் சில வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்கள் ஒருவருக்கு ஒன்றோடு நிற்காமல் ஜோடியாக வருவது உண்டு என்பதால் அந்தத் தைராய்டு மாத்திரை பிற்பாடு எங்களுக்கு ஒரு சின்னத் துப்பாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் வேலை நெருக்கடி, ஓவர்டைம். அந்த இரண்டு வாரமாகவே படி ஏறினால் மூச்சு வாங்கியது, முழங்காலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை, அந்தத் தொழிலில் தோல் அரிப்பு எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இந்தப் புள்ளிகள் அரிக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அரிக்காத, விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி என்றால் அது தோல் அலர்ஜி அல்ல, தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம்.

முதல் நான்கு நாட்கள்

தீபாவளி விடுமுறையில் தலைவலியும் லேசான காய்ச்சலும். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி, மாத்திரை. இரண்டு நாளில் கண் மஞ்சளாகத் தெரிந்தது, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனது. மாமியார் காமாலை என்று சொல்லி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் கொடுத்திருக்கிறார். அதனால் கெடுதல் ஏதும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கண் மஞ்சளானதற்குக் காரணம் ஈரல் என்ற எண்ணம் வீட்டில் ஊன்றிவிட்டது. உண்மையில் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, அதில் வரும் கழிவுதான் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது.

நான்காம் நாள் அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 18,000. ஹீமோகுளோபின் 8.2. வெள்ளையணு 9,400. டெங்கு வைரஸின் புரதத்தைப் பார்க்கும் என்எஸ்1 நெகட்டிவ், அதற்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும் ஐஜிஎம் லேசான பாசிட்டிவ். டெங்கு என்று அட்மிட் செய்து, குளுக்கோஸ் ஏற்றி, பிளேட்லெட்டும் ஏற்றினார்கள். மறுநாள் எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாக 11,000-க்கு இறங்கியது.

அந்தச் சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் டெங்குவோடு ஒட்டாத விஷயங்கள் வரிசையாக நிற்கின்றன. நீர் கசியும் டெங்குவில் ரத்தம் கெட்டிப்படும், ஹீமோகுளோபின் ஏறும். ரத்தக்கசிவு இல்லாமல் 8.2-க்கு இறங்காது. டெங்குவில் வெள்ளையணு பொதுவாகக் குறையும், இவருக்கு இயல்பாக இருந்தது. ஐஜிஎம் என்பது ஒருமுறை டெங்கு வந்துபோன பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை பாசிட்டிவாகக் காட்டக்கூடியது, அதுவும் நம்ம ஊரில் மழைக்காலத்தில் லேசான பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது டெங்கு நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் ஐம்பத்தோராவது ஆளின் சீட்டை இப்படி நிதானமாகப் படிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நானும் அந்த மாதிரி வார்டுகளில் வேலை பார்த்தவன்.

பேச்சு மாறிய இரவு

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் கணவரிடம் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, "அந்த டஜன குடு, டஜன குடுங்கறேன்" என்று கேட்டிருக்கிறார். எந்த டஜன் என்று கேட்டதற்குக் கோபம் வந்திருக்கிறது. தான் சரியாகத்தான் பேசுகிறோம் என்ற நினைப்பு. வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் நழுவியது. சுமார் இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, டியூட்டி டாக்டர் வந்து பார்த்தபோது பெயர், ஊர், பிள்ளைகள் எல்லாம் தெளிவாகச் சொன்னார். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், அது நார்மல். காய்ச்சலிலும் பயத்திலும் அப்படிப் பேசியிருப்பார் என்று குறித்துவிட்டார்கள்.

இரவு பதினொரு மணிக்கு மறுபடி. இந்த முறை கணவரைப் பார்த்து, "அண்ணா, எப்ப வந்தே? அம்மா வரலியா?" என்று கேட்டிருக்கிறார். இடது கன்னம் மரத்துப்போனதாகவும் சொன்னார். மாமியார் காத்து கருப்பு பட்டிருக்கும் என்று ஆள் அனுப்பித் திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்தார். அரை மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. அந்தத் திருநீறு வேலை செய்ததாக அந்தக் குடும்பம் நம்பினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் "பயம்" என்று எழுதிய கேஸ் ஷீட்டும் கிட்டத்தட்ட அதே முடிவைத்தான் எடுத்திருந்தது.

இதில் யாரும் கேட்காமலே உருப்படியான ஒரு காரியம் செய்தவர் கணவர். இரண்டாவது முறை அவர் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். எதற்கு எடுத்தீர்கள் என்று பின்னால் கேட்டேன். "டாக்டர் வரும்போதெல்லாம் நல்லாயிருக்கறாளுங்க. நாஞ் சொன்னா ஆரும் நம்ப மாட்டேங்கறாங்க, அதான் எடுத்து வெச்சனுங்க" என்றார். அந்த வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அதில் வார்த்தைகள் மாறி விழுவது தெளிவாகக் கேட்கிறது, முகத்தில் பயம் இல்லை, குழப்பமும் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. மூளையில் மொழிக்கான பகுதி தடுமாறும்போது வரும் எரிச்சல் அது.

விடியற்காலை வலிப்பு வந்தது. உடனே கோவைக்கு அனுப்பினார்கள்.

எங்களிடம் வந்தபோது பார்த்தது

காலை எட்டரை மணிக்கு வந்தார். கூப்பிட்டால் கண் திறந்தார், கேள்விக்குப் பதில் ஒற்றை வார்த்தையில், அதுவும் பாதி பொருந்தாமல். காய்ச்சல் 100.4. கண் மஞ்சள், உதடு வெளுப்பு, இரண்டு கால்களிலும் சிவப்புப் புள்ளிகள். வலது கையில் லேசான பலக்குறைவு. கழுத்து விறைப்பு இல்லை.

பிளேட்லெட் 9,000, ஹீமோகுளோபின் 7.1. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் எங்கள் பயிற்சி மருத்துவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: ரத்தம் எங்கேயும் போகவில்லை, பிறகு ஹீமோகுளோபின் எங்கே போனது? ஆய்வகத்துக்குப் போன் செய்து, மெஷின் எண்ணிக்கை போதாது, கண்ணாடிச் சில்லில் ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்பில் நேரில் பார்த்துச் சொல்லுங்கள் என்றோம். முக்கால் மணி நேரத்தில் நோயியல் மருத்துவரே கீழே இறங்கி வந்துவிட்டார். சிவப்பணுக்கள் துண்டு துண்டாக, தலைக்கவசம் மாதிரியும் முக்கோணமாகவும் வெட்டுப்பட்டுக் கிடந்தன. சிஸ்டோசைட் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் நாலைந்து இருந்தன.

அதற்குப் பிறகு வந்த முடிவுகள் எல்லாம் ஒரே திசையில் போயின. அணுக்கள் உடைந்தால் ஏறும் எல்டிஹெச் 1,840, கண்ணை மஞ்சளாக்கும் கழிவான பிலிருபின் மொத்தம் 3.4, அதில் பெரும்பகுதி மறைமுக பிலிருபின், அதாவது ஈரல் குற்றவாளி இல்லை. ரெட்டிகுலோசைட், அதாவது புதிதாகப் பிறந்த சிவப்பணு, 9 சதவீதம், எலும்பு மஜ்ஜை இழந்ததை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்பணுக்களை ஆன்டிபாடி தாக்குகிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை நெகட்டிவ். ரத்தம் உறையும் நேரம் நார்மல், ஐஎன்ஆர் 1.1. கிருமித் தொற்று முற்றி ரத்தம் முழுக்க உறையும் டிஐசி நிலையாக இருந்தால் இது கெட்டுப்போயிருக்கும். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் 1.3. இதயத்துக்கான ட்ரோபோனின் லேசாக ஏறியிருந்தது. கர்ப்பம் இல்லை, எச்.ஐ.வி. இல்லை.

பி12 அளவையும் பார்த்தோம். கடுமையான பி12 குறைபாட்டிலும் ரத்த அணுக்கள் குறைந்து, எல்டிஹெச் எகிறி, உடைந்த துண்டுகள்கூடத் தெரிந்து, டி.டி.பி. மாதிரியே வேஷம் போடும். கால் மரப்பு, ஞாபகக் குழப்பம் எல்லாம் அதிலும் உண்டு. கவிச்சி தொடாத வீடுகள் நம்ம பக்கம் கணிசமாக உண்டு என்பதால் இதை மறக்கக் கூடாது. அதில் ரெட்டிகுலோசைட் குறைவாகவும் சிவப்பணுவின் பருமன் கூடுதலாகவும் இருக்கும். இவருக்கு இரண்டும் அப்படி இல்லை, பி12 அளவும் போதுமானதாக இருந்தது.

பிளாஸ்மிக் ஸ்கோர் என்று ஏழு புள்ளிக் கணக்கு ஒன்று 2017-ல் வந்தது. பிளேட்லெட் 30,000-க்குக் கீழ், சிவப்பணு உடைவு, புற்றுநோய் இல்லாமை, உறுப்பு அல்லது ஸ்டெம் செல் மாற்று நடக்காமை, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 90-க்குக் கீழ், ஐஎன்ஆர் 1.5-க்குக் கீழ், கிரியேட்டினின் 2-க்குக் கீழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆறோ ஏழோ வந்தால் டி.டி.பி.க்கான வாய்ப்பு அதிகம். இவருக்கு ஏழு. தாலுகா மருத்துவமனையில் கிடைக்கும் சாதாரணச் சோதனைகளை வைத்தே இதைப் போட்டுப் பார்த்துவிடலாம், இதன் பெரிய பலம் அதுதான்.

ஏன் பேச்சு போய்ப் போய் வந்தது

ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற புரதம் மிக நீளமான இழைகளாக வெளிவருகிறது. அடாம்ட்ஸ்13 என்ற நொதி, தறியில் நீண்டு தொங்கும் நூலைக் கத்தரிப்பது போல, அதை அளவாக நறுக்கிவிடுகிறது. இந்த நோயில் உடலே அந்த நொதிக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து அதை முடக்கிவிடுகிறது. நறுக்கப்படாத இழைகளில் பிளேட்லெட்டுகள் போய் ஒட்டி, சின்னக் கட்டிகளாகத் திரண்டு, மயிரிழை அளவு ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. அந்த இடுக்கில் நுழைந்து போகும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. பிளேட்லெட் குறைவது அவை கட்டிகளில் செலவாவதால்தான். அதனால்தான் இங்கே பிளேட்லெட் ஏற்றுவது கட்டிக்கு மேலும் சரக்கு கொடுப்பதாக முடியலாம், உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தாலொழிய அதைத் தவிர்க்கிறோம்.

மூளை விஷயத்துக்கு வருவோம். சாதாரண பக்கவாதத்தில் ஒரு பெரிய குழாய் அடைபடும், அது ஊட்டும் பகுதி செத்துப்போகும், ஒரு பக்கம் விழுந்தால் அங்கேயே நிற்கும். டி.டி.பி.யில் அடைபடுவது ஆயிரம் சின்னக் குழாய்கள், அதுவும் பிளேட்லெட் கட்டி என்பதால் பல சமயம் கலைந்துவிடும், வேறு இடத்தில் மறுபடி சேரும். அதனால் ஏழு மணிக்குப் பேச்சு, பதினொரு மணிக்கு இடது கன்னம், நடுவில் முழுத் தெளிவு. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.கூட நார்மலாக இருக்கலாம். இடம் மாறுவதையும் வந்து போவதையும் பார்த்து இது மனசு சம்பந்தப்பட்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பிளேட்லெட் குறைந்த ஒரு ஆளிடம் அந்த மாறாட்டமே நோயைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம். இந்த ஆய்வில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

1924-ல் நியூயார்க்கில் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் பதிவு செய்தார். 16 வயதுப் பெண், காய்ச்சல், ரத்தசோகை, பக்கவாதம், மரணம். சின்னக் குழாய்களில் அடைப்புகளைப் பிணக்கூறாய்வில் பார்த்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளாகச் சிகிச்சை இல்லாமல் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, வெறுமனே ஏற்றுவதைவிட, நோயாளியின் பிளாஸ்மாவை மெஷினில் எடுத்துவிட்டுக் கொடையாளர் பிளாஸ்மாவை மாற்றிக் கொடுப்பது மேல் என்று கனடாவில் நடந்த ஆய்வு 1991-ல் காட்டியது. நொதிக்கு எதிரான ஆன்டிபாடிதான் காரணம் என்பது தெரிந்தது 1998-ல்தான்.

அன்றைக்கு எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அடாம்ட்ஸ்13 ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை என்பது. மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர நாளாகும், அதுவரை வைத்துப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். ஆனால் மாதிரியை பிளாஸ்மா ஏற்றும் முன்பே, நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்மாவில் அந்த நொதி இருக்கிறது, ஏற்றிய பிறகு எடுத்தால் ரிசல்ட் குழப்பும்.

அடுத்தது பிளாஸ்மா மாற்றுவதற்காகக் கழுத்தில் பெரிய கதீட்டர் (குழாய்) வைப்பது. இங்கே வீட்டாரோடு நீண்ட பேச்சு நடந்தது. நோயாளியின் அண்ணன், "பிளேட்லெட் ஒம்பதாயிரம்ங்கறீங்க, ஏத்தாம கழுத்துல ஊசி போட்டா ரத்தம் நிக்குமுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முந்தின ஆஸ்பத்திரியில் குறைந்தால் ஏற்ற வேண்டும் என்று சொன்னார்கள், இங்கே குறைந்தாலும் ஏற்றக் கூடாது என்கிறோம், யாரை நம்புவது? முன்பு ஏற்றிய பிறகு எண்ணிக்கை 18,000-லிருந்து 11,000-க்கு இறங்கிய சீட்டை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அப்புறம், அல்ட்ராசவுண்ட் பார்த்து அனுபவமுள்ள கை வைத்தால் இந்த எண்ணிக்கையிலும் பாதுகாப்பாக வைக்க முடியும் என்று சிறுநீரகவியல் மருத்துவர் விளக்கினார். கையெழுத்துப் போட்டார்கள். சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மெஷின் தயாராகும் வரை சும்மா இருக்காமல் பிளாஸ்மாவை ட்ரிப்பாக ஏற்றத் தொடங்கினோம். ஸ்டீராய்டு ஆரம்பித்தோம். வலிப்புக்கு லெவெடிராசெட்டம். மதியம் மூன்று மணிக்கு முதல் பிளாஸ்மா மாற்று. 52 கிலோ உடம்பு, ரத்தசோகையையும் கணக்கில் எடுத்தால் சுமார் 2.6 லிட்டர் பிளாஸ்மா, அதாவது 200 மில்லி பைகள் பதின்மூன்று. ஒரு நாளைக்கு. தினமும்.

ரத்த வங்கிக் கதை தனியாக எழுத வேண்டியது. பனியன் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ரத்தம் கொடுக்க வந்துவிட்டார்கள். அதில் ஓ குரூப்காரர்கள்தான் நிறைய, "ஓ எல்லாத்துக்கும் சேருமுங்களே" என்று கேட்டார்கள். சிவப்பணுவுக்கு அது சரி, பிளாஸ்மாவுக்கு நேர் எதிர். ஓ பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி இருக்கிறது, அது ஓ ஆட்களுக்கு மட்டும்தான் ஆகும். எல்லாருக்கும் ஆகும் பிளாஸ்மா ஏபி குரூப்புடையது. நோயாளி பி பாசிட்டிவ், ஆகவே பி அல்லது ஏபி. ஓ குரூப்காரர்களைத் திருப்பி அனுப்பவில்லை, அவர்கள் கொடுத்ததை வங்கி இருப்பில் வைத்துக்கொண்டு உறைபதனப்படுத்திய பி பிளாஸ்மாவை எங்களுக்குக் கொடுத்தது.

இரண்டாவது மாற்றின் போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் சுருக்கென்று குத்துவதாகச் சொன்னார். நர்ஸ் பக்கவாதம் மறுபடி வந்துவிட்டது என்று பதறிக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது சரிதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெஷின் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் அது பிளாஸ்மாவில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால். கால்சியம் கொடுத்ததும் நின்றது.

சறுக்கல்

எங்களிடம் வந்த மூன்றாம் நாள் பிளேட்லெட் 31,000. பிள்ளைகளின் பெயரைச் சொன்னார், கணவரை அடையாளம் கண்டார். நான்காம் நாள் 58,000. வார்டில் எல்லாருக்கும் தெம்பு வந்தது. அன்றைக்கு பி பிளாஸ்மா தட்டுப்பாடு, பாதி அளவுதான் மாற்ற முடிந்தது. ஐந்தாம் நாள் காலை 22,000. ஆள் விழித்திருக்கிறார், ஆனால் கூப்பிட்டால் பார்க்கவில்லை, போர்வை நுனியை விடாமல் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்டீராய்டால் வரும் மனக்குழப்பமா என்று ஒரு பேச்சு எழுந்தது. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தால் உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, உடம்பு மட்டும் துள்ளவில்லை. மருந்து கூட்டிய ஒரு மணி நேரத்தில் திரும்பிப் பார்த்தார். எம்.ஆர்.ஐ.யில் இடது மூளையில் புதிதாக மூன்று நான்கு சிறு புள்ளி அடைப்புகள் இருந்தன.

அடாம்ட்ஸ்13 முடிவு மறுநாள் வந்தது. 3 சதவீதம், எதிர்ப்பு ஆன்டிபாடி பாசிட்டிவ். 10-க்குக் கீழ் இருந்தால் டி.டி.பி. உறுதி. அன்றைக்கே ஆன்டிபாடி தயாராவதைக் கட்டுப்படுத்தும் ரிடுக்ஸிமாப் மருந்தை ஆரம்பித்தோம், ஹெபடைடிஸ் பி இல்லை என்று பார்த்துவிட்டு. பிளாஸ்மா மாற்று முடிந்த கையோடு மருந்தை ஏற்றி, அடுத்த மாற்றை முடிந்தவரை தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் போட்ட மருந்து மெஷினோடு வெளியே போய்விடும். கப்லாசிஸுமாப் என்ற புது மருந்து, 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது, பிளேட்லெட் அந்த இழையில் ஒட்டுவதையே தடுக்கும். அதன் விலை இந்தக் குடும்பத்துக்கு எட்டாத தூரம். ஆகவே பழைய மூன்றும்தான்: பிளாஸ்மா, ஸ்டீராய்டு, ரிடுக்ஸிமாப்.

பிறகு எண்ணிக்கை மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. 1,50,000-ஐத் தாண்டி இரண்டு நாள் நிலைத்த பிறகு மாற்றை நிறுத்தினோம். மூன்றாவது வார முடிவில் நடந்து வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்குப் போன பிறகு

ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் குணமாகிவிட்டார். ஆள் அப்படி இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது பிளேட்லெட் 2,40,000, ஹீமோகுளோபின் 11.6, கை பலம் முழுசு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு "நல்லா இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். கணவர்தான் கதவருகில் நின்று, "சொல்லு அம்மிணி" என்றார்.

செக்கிங் டேபிளில் எண்ணிக்கை நிற்கவில்லையாம். முப்பது வரை எண்ணுகிறார், யாராவது கூப்பிட்டால் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. சாயங்காலம் தலை கனக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது அடிக்கடி. "ஆளு பாக்க நல்லாத்தான இருக்கறா, இன்னும் என்ன" என்று உறவில் பேச்சு. அவரும் அப்படித்தான் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். டி.டி.பி.யிலிருந்து மீண்டவர்களில் கவனம், ஞாபகம் குறைவதும் மனச்சோர்வும் நன்கு பதிவான விஷயங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதற்கே அழுதுவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் நாங்கள் எழுதியிருந்ததெல்லாம் மாத்திரை அளவும் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியும்தான்.

கம்பெனி சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். எண்ண வேண்டியில்லாத பிசிர் வெட்டும் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், கூலி கொஞ்சம் குறைவு. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வந்தார், பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் பார்த்து நான்கைந்து வாரத்தில் நிறுத்திவிட்டார். அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒரு வருடத்தில் வார்த்தைத் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விட்டது. எண்ணுவது முழுசாகத் திரும்பவில்லை, பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து எண்ணுகிறார்.

அடாம்ட்ஸ்13 மூன்றாம் மாதம் 48 சதவீதம், ஆறாம் மாதம் 61. பதினான்காம் மாதம் 12. பிளேட்லெட் அப்போதும் 2,10,000, ஒரு தொந்தரவும் இல்லை. நொதி மட்டும் மீண்டும் இறங்குகிறது என்றால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று பொருள். அந்த இடைவெளியிலேயே ரிடுக்ஸிமாப் மறுபடி கொடுத்தோம். ஏறியது. நோய் இதுவரை திரும்பவில்லை.

என்ன மாற்றினோம்

எங்கள் ஆய்வகத்தில் இப்போது பிளேட்லெட் 30,000-க்குக் கீழே இருந்து ஹீமோகுளோபினும் 10-க்குக் கீழ் என்றால், டாக்டர் கேட்காமலே ஸ்மியர் பார்த்து, உடைந்த சிவப்பணு உண்டா இல்லையா என்று எழுதுகிறார்கள். டெங்கு சீசனில் இது கூடுதல் வேலைதான். ஆய்வகத்தில் முணுமுணுப்பு இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

டி.டி.பி. என்று சந்தேகம் வந்த நாளே ரத்த வங்கிக்குத் தகவல் போகிறது, இன்றைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு என்ன வேண்டும் என்று. நான்காம் நாள் தட்டுப்பாடுதான் சறுக்கலுக்கு முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், தினமும் முழு அளவு மாற்றும்போதே சறுக்கியவர்களும் உண்டு. ஆனாலும் உறைபதனப் பிளாஸ்மா ஒரு வருடம் கெடாது, முன்கூட்டிச் சொன்னால் பக்கத்து ஊர் வங்கிகளிலிருந்தும் திரட்டிவிடலாம்.

முதலில் பார்த்த மருத்துவமனையின் டாக்டரிடம் முழு விவரத்தையும் போனில் பேசினேன். அவர் சொன்னதில் ஒன்று முக்கியம்: "வந்து போற பேச்சுக் குளறலை நைட் டியூட்டில பாத்தவங்க ஒருத்தரு, காலைல ரவுண்ட்ஸ் வந்தவங்க வேற. ரெண்டையும் ஒருத்தரே பாக்கலை." அதனால் இப்போது எங்கள் வார்டில், பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு நர்ஸ்கள் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேட்டு, இரண்டு கையையும் நீட்டச் சொல்லிக் குறிக்கிறார்கள். கூட இருப்பவரிடம், ஏதாவது வித்தியாசமாகப் பேசினால் போனில் வீடியோ எடுங்கள் என்று சொல்லியும் வைக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஞாபகம், கவனம், மனநிலை பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம், கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுகிறோம்.

தீராமல் நிற்பது அடாம்ட்ஸ்13 சோதனை. முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கைக்காசுதான், மாதிரியும் வெளியூர்தான் போகிறது. பதினான்காம் மாதச் சோதனையை அவர்கள் தவிர்க்கத்தான் இருந்தார்கள், பிளேட்லெட் நன்றாக இருக்கிறதே என்று. கம்பெனியில் சக வேலைக்காரர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் அது எடுக்கப்பட்டது. அடுத்தது தை மாதம் எடுக்க வேண்டும்.